கோட்டைக்கும் கிணற்றுக்கும் ஒரே கல்: கரம்பொனிலிருந்து நிலாவரை வரை ஒருநாள் பயணம்

தீவகத்துக்கு வரும் ஒருநாள் சுற்றுலா வான்கள் பெரும்பாலும் ஒரே வழியில்தான் ஓடுகின்றன. காலையில் பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான். அங்கிருந்து படகில் நயினாதீவு. நாகபூசணி அம்மன் கோயில், நாகவிகாரை, மதியச் சாப்பாடு. திரும்பும்போது நேரம் கிடைத்தால் சாட்டிக் கடற்கரையில் ஒரு குளிப்பு. ஊர்காவற்றுறைப் பக்கம் திரும்பும் வான்கள் குறைவு. கரம்பொனில் நிற்பவை அதிலும் குறைவு.

கடந்த ஆவணியில் ரொறன்ரோவிலிருந்து வந்த என் மச்சாளுக்காக இன்னொரு வழியைத் தேர்ந்தெடுத்தோம். அவள் முந்தைய வருடம் மெக்சிக்கோவின் கான்கூனுக்குப் போனவள். கனடாவிலுள்ள நம்மவர்கள் பலர் குளிர்காலத்தில் போகும் இடம் அது. அங்கே விடுதிகளிலிருந்து ஒருநாள் சுற்றுலா அழைத்துப்போகிறார்கள்: காலையில் மாயன் மக்களின் பழைய நகரமான சிச்சென் இட்சா, பின்னேரத்தில் இயற்கையான நீர்க்குழி ஒன்றில் நீச்சல். யாழ்ப்பாணத்திலும் இப்படி ஒன்று போகலாமா என்று அவள் கேட்டாள். போகலாம். யாழ்ப்பாணத்துக்கும் யுகட்டானுக்கும் நிலத்தடியில் ஒரு பெரிய ஒற்றுமை இருக்கிறது. இரண்டும் ஆறில்லாத சுண்ணக்கல் நிலங்கள். இரண்டிலும் மனிதர் கல்லை வெட்டிக் கட்டினார்கள், கல்லுக்குள் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார்கள்.

அந்த ஒருநாள் வழியையும், அதில் பார்க்கக் கூடியவற்றையும், நம் வழிகாட்டிகள் சொல்லாமல் விடுவதையும் இங்கே பதிகிறேன்.

கல்லும் தண்ணீரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கும் அதைச் சூழ்ந்த தீவுகளுக்கும் அடியில் இருப்பது மயோசின் காலச் சுண்ணக்கல். கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் ஆழமற்ற கடலின் அடியில் சிப்பிகளும் முருகைகளும் படிந்து இறுகியது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அது கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, நிலத்தடியில் வழிகளையும் குகைகளையும் உண்டாக்குகிறது. குகையின் கூரை இடிந்தால் மேலே ஒரு குழி திறக்கிறது. நிலாவரை அப்படித் திறந்த ஒன்று. யுகட்டானில் மாயன் மக்கள் இத்தகைய குழிகளுக்கு வைத்த பெயரிலிருந்தே 'செனோட்டே' என்ற ஸ்பானியச் சொல் வந்தது.

குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறுகூட மாரியில் மட்டும் ஓடுவது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழைதான் மிச்ச மாதங்களுக்கும் குடிநீர். அது கல்லுக்குள் இறங்கி, அடியிலிருக்கும் கடல்நீருக்கு மேலே மிதந்துகொண்டிருக்கிறது. நன்னீர் கடல்நீரைவிடச் சற்றே இலேசானது என்பதால் இந்த மிதப்பு. நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் உயரத்தில் இருந்தால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் நிற்கும் என்பது நீரியலாளர்களின் கணக்கு. மறுபக்கமாகப் பார்த்தால், மேலே 1 மீற்றர் இறைத்துக் குறைத்தால், காலப்போக்கில் கீழே உப்புநீர் 40 மீற்றர் வரை ஏறலாம். தீவுகள் சிறியவை, உயரம் குறைந்தவை. அங்கே இந்த நன்னீர்ப் படை இன்னும் மெல்லியது.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு பயணத்தைத் தொடங்கினால், பார்க்கும் ஒவ்வொரு இடமும் வேறு மாதிரித் தெரியும்.

கரம்பொன்: பட்டியலில் இல்லாத இடிபாடுகள்

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலம், மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை என்று போகும் வீதி ஊர்காவற்றுறையை அடையுமுன் கரம்பொன் வருகிறது. உலகத் தமிழாராய்ச்சி மன்றம் 1964இல் உருவாக முன்னின்ற தனிநாயகம் அடிகள் 1913இல் பிறந்த ஊர் இது. ஊரைப் பற்றி ஏதாவது சொல்லும் வழிகாட்டி, இந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொள்வார்.

வீதியின் இருபுறமும் தெரிவதைப் பற்றி எவரும் சொல்வதில்லை. கூரையில்லாத கல்வீடுகள். நாற்சார் முற்றத்தின் நடுவில் வளர்ந்து நிற்கும் வேம்பு. சுவரில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் நீலச் சாந்து. ஒவ்வொரு வளவிலும் ஒரு கிணறு. 1990இல் இராணுவம் தீவைக் கைப்பற்றிய நாட்களில் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். அல்லைப்பிட்டியிலும் மண்டைதீவிலும் அந்த ஆவணியில் பிடிக்கப்பட்டுக் காணாமல் ஆக்கப்பட்டவர்களைக் குடும்பங்கள் இன்றுவரை தேடுகின்றன. போனவர்களில் பலர் திரும்பவில்லை. வளவுகளின் உரித்தாளர்கள் கொழும்பிலும் பாரிஸிலும் ரொறன்ரோவிலும் இருக்கிறார்கள்.

என் மச்சாள் சிச்சென் இட்சாவை "கைவிடப்பட்ட நகரம்" என்று வழிகாட்டி சொன்னதை நினைவுகூர்ந்தாள். கரம்பொனின் வீடுகளுக்கு அந்தச் சொல் பொருந்துமா என்று நான் யோசித்தேன். கைவிட்டவர்கள் தாமாக விட்டுப்போகவில்லை. கல்வெட்டு இல்லை, பெயர்ப்பலகை இல்லை, தொல்பொருள் திணைக்களத்தின் வேலியும் இல்லை. இந்த வீடுகளுக்கு இன்னும் நூறு வருடம்கூட ஆகாதிருக்கலாம். ஆனால், இந்தத் தீவின் கடந்த நூற்றாண்டு வரலாற்றுக்கு இவற்றைவிட நேரடியான சான்று வேறில்லை.

நின்று பார்க்கிறவர்கள் வீதியிலிருந்தே பார்க்க வேண்டும். அவை தனியார் காணிகள். பாழடைந்த கிணறுகளின் கட்டுகள் உடைந்து, விளிம்பு பற்றைக்குள் மறைந்திருக்கும். கால் வைக்க வேண்டாம்.

ஊர்காவற்றுறை: தாகத்தால் வீழ்ந்த கோட்டை

நயினாதீவில் உள்ள தமிழ்க் கல்வெட்டு ஒன்று 12ஆம் நூற்றாண்டு மன்னன் முதலாம் பராக்கிரமபாகுவினுடையது. பரதேசிகள் ஊராத்துறையில் வந்திறங்க வேண்டும் என்றும், யானையும் குதிரையும் ஏற்றிவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு என்றும் அது விதிக்கிறது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1960களில் இதை வாசித்து வெளியிட்டார். ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறை. இன்று அமைதியாகக் கிடக்கும் இந்தத் துறைமுகத்துக்கு எண்ணூறு வருடத்துக்கு முன்பே சட்டம் எழுதப்பட்டிருந்தது.

துறைமுகக் கரையில் போர்த்துக்கேயர் கட்டிய பழைய கோட்டையின் சிதைவு நிற்கிறது. முருகைக்கல் சுவர்கள். சாந்தும் அதே கல்லைச் சுட்டெடுத்த சுண்ணாம்புதான். ஆலும் பற்றையும் அதைப் பிளந்துகொண்டிருக்கின்றன.

எதிரே, ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே கடலில் தெரிவது கடற்கோட்டை. ஒல்லாந்தர் அதற்கு 'ஹமன்ஹீல்' என்று பெயர் வைத்தார்கள். பன்றித்தொடையின் குதிப்பகுதி என்று பொருள். வரைபடத்தில் இலங்கை அவர்கள் கண்ணுக்குப் பன்றித்தொடை இறைச்சி போலத் தெரிந்தது. வேலணைத் தீவுக்கு லெய்டன், காரைநகருக்கு அம்ஸ்ரர்டாம், நெடுந்தீவுக்கு டெல்ப்ற் என்று தங்கள் நகரங்களின் பெயர்களைத் தீவுகளுக்குச் சூட்டியவர்களும் அவர்களே.

அந்தக் கோட்டை 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறிய விதத்தை நான் கேட்ட எந்த வழிகாட்டியும் முழுதாகச் சொன்னதில்லை. நாற்புறமும் கடல். கோட்டைக்குள் நன்னீர் ஊற்று இல்லை. சேமித்து வைத்த தண்ணீரில்தான் காவற்படை உயிர்வாழ்ந்தது. முற்றுகையில் அந்தத் தண்ணீர்த் தொட்டி அழிந்ததும் உள்ளே இருந்தவர்களுக்குச் சரணடைவதைத் தவிர வழியிருக்கவில்லை. கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தர் பாடம் கற்றுக்கொண்டார்கள். கல்லால் நீர்த்தொட்டி கட்டினார்கள்.

பின்னாளில் சிறையாகவும் இருந்த இக்கோட்டை, போருக்குப் பிறகு கடற்படை நடத்தும் விடுதியாக இருக்கிறது. உள்ளே போக வேண்டுமானால் காரைநகர்ப் பக்கமிருந்து கடற்படை வழியாகத்தான் போகலாம். ஊர்காவற்றுறை இறங்குதுறையில் நின்று பார்ப்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

அங்கிருந்து காரைநகருக்குப் 'பாதை'யில் கடக்கலாம். வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றும் மிதவையை இங்கே பாதை என்றுதான் சொல்வோம். காற்று, பழுது, திருத்த வேலை என்று அது நிற்கும் நாட்களும் உண்டு. முதல்நாளே விசாரிக்க வேண்டும். ஓடாவிட்டால் பண்ணைக்குத் திரும்பி, மானிப்பாய் வழியாகக் கீரிமலைக்குப் போகலாம்.

கீரிமலை: கடலோரத்து நன்னீர்

காரைநகரிலிருந்து பொன்னாலைப் பாலத்தைக் கடந்து, கரையோரமாக மாதகல் பக்கம் போனால் கீரிமலை. குடாநாட்டின் கல்லுக்குள் ஓடும் மழைநீர் கடலைச் சேரும் வாசல்களில் ஒன்று இது. கேணிக்கு அடுத்த பக்கம் அலை அடிக்கிறது. கேணிக்குள் தண்ணீர் உப்புக் கரிப்பதில்லை. ஆண்களுக்குத் திறந்த கேணி, பெண்களுக்குச் சுவர் வைத்த தனிக் கேணி. வெளிநாட்டிலிருந்து வரும் பெண்கள் பலர் ஆண்கள் பக்கத்துக் கேணியை மட்டும் படம் பிடித்துவிட்டுத் திரும்புகிறார்கள். பெண்கள் பக்கமும் அதே ஊற்றுநீர்தான், இறங்கிக் குளிக்கலாம்.

கீரி முகம் கொண்ட நகுல முனிவர் இங்கே நீராடி முகம் மாறினார் என்பது ஐதீகம். குதிரை முகத்தோடு வந்த சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி நோய் நீங்கி மாவிட்டபுரம் கோயிலைக் கட்டுவித்தாள் என்பது இன்னொன்று. ஆடி அமாவாசையில் தகப்பனுக்குப் பிதிர்க்கடன் செய்ய ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். 1990க்குப் பிறகு இந்தப் பகுதி உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. பல வருடங்கள் மக்கள் நினைத்தபடி வந்து போக முடியாத இடமாக இருந்தது. ஆகவே இது பலருக்குச் சாதாரண நீச்சல் தடாகம் அல்ல. கிரியை நடக்கும் நேரத்தில் ஒதுங்கி நிற்பதும், சவர்க்காரம், ஷாம்பு பாவிக்காமல் இருப்பதும் மரியாதை.

இதே சுண்ணக்கல்லை நம்பித்தான் அருகே காங்கேசன்துறையில் 1950இல் சீமெந்துத் தொழிற்சாலை தொடங்கியது. 1990 வரை இயங்கியது. கல் அகழ்ந்த பெரும் பள்ளங்கள் இன்னும் அப்படியே கிடக்கின்றன. நிலத்துக்கு மேலே சீமெந்து மூட்டையாகத் தெரிந்தது நிலத்துக்குக் கீழே தண்ணீர் நிற்கும் பாத்திரம் என்பதை அந்தப் பள்ளங்களைப் பார்த்தால் விளங்கும்.

கந்தரோடை: சிறு தூபிகளும் பெரிய வழக்கும்

கீரிமலையிலிருந்து தெல்லிப்பழை, சுன்னாகம் வழியாக வந்தால் கந்தரோடை. பனந்தோப்புக்கு நடுவே வேலியிட்ட நிலத்தில், ஆள் உயரத்துக்குச் சற்றுக் கூடவும் குறையவுமாக இருபதுக்கும் மேற்பட்ட சிறு தூபிகள். முருகைக்கல்லும் சுண்ணக்கல்லும் கொண்டு ஆக்கியவை. போல் ஈ. பீரிஸ் 1910களின் இறுதியில் இவற்றை ஆராய்ந்து எழுதினார். 1970இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகக் குழு இங்கே அகழ்வு செய்தபோது, தமிழகத்தின் ஆதி இரும்புக்கால இடங்களில் கிடைப்பது போன்ற கறுப்பு-சிவப்பு மட்பாண்டங்கள் கிடைத்தன.

தொல்பொருள் திணைக்களத்தின் பலகை இதைக் 'கதுறுகொட விகாரை' என்கிறது. தமிழரும் பௌத்தராக இருந்த காலம் ஒன்று உண்டு என்பதைத் தமிழ் ஆய்வாளர்கள் பலகாலமாக எழுதி வருகிறார்கள். பலகையில் அதற்கு இடமில்லை. தெற்கிலிருந்து வரும் யாத்திரிகர்களுக்கு ஒரு கதை சொல்லப்படுகிறது. நம் வழிகாட்டிகள் சங்கடம் வேண்டாமென்று வானைத் திருப்பிவிடுகிறார்கள். நாம் நிற்காமல் போனால் அந்த ஒரு கதைதான் மிஞ்சும்.

பக்கத்து ஊரான சுன்னாகம் இன்னொரு காரணத்துக்காக நினைவில் இருக்க வேண்டியது. அங்கிருந்த அனல்மின் நிலையத்தின் கழிவு எண்ணெய் சுற்றுவட்டாரக் கிணறுகளில் கலந்தது. 2015இல் உயர் நீதிமன்றத்துக்குப் போன வழக்கில், 2019 சித்திரையில் வந்த தீர்ப்பு, மின் உற்பத்தி செய்த நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்றது. மணல் நிலத்தில் அழுக்கு மெல்லத்தான் பரவும். சுண்ணக்கல்லின் வெடிப்புகளில் தங்குதடையின்றி ஓடும். ஒரு வளவில் ஊற்றியது அடுத்த ஊரின் வாளியில் வரும்.

நிலாவரை: குளிக்கக்கூடாத கிணறு

கடைசி நிறுத்தம் புத்தூருக்கு அருகே நவக்கிரியிலுள்ள நிலாவரை. இராமர் தாகத்துக்கு அம்பு எய்த இடம் என்பார்கள். அடியே இல்லை என்பார்கள். கீரிமலைக் கேணியில் போட்ட எலுமிச்சம்பழம் இங்கே வந்து மிதக்கும் என்ற கதையைச் சிறுவயதில் நாங்கள் எல்லோரும் கேட்டிருக்கிறோம். எலுமிச்சம்பழத்தை விடுங்கள். கல்லுக்குள் நீர் வழிகள் ஊர்களைத் தாண்டிச் செல்கின்றன என்ற உண்மையை அந்தக் கதை பிடித்து வைத்திருக்கிறது.

மேலே சதுரமான சாதாரணக் கேணி போலத் தெரியும். ஆழம் 50 மீற்றருக்குக் கிட்ட. மேற்பகுதியில் நன்னீர், கீழே போகப் போக உவர், அடியில் உப்பு. முன்னர் சொன்ன மிதக்கும் நன்னீரை வெறும் கண்ணால் எட்டிப்பார்க்கக்கூடிய இடம் குடாநாட்டில் இதுதான். இறைத்து இறைத்து வற்றாததால் இதைக் கொண்டு பாசனம் செய்யும் யோசனை பிரித்தானியர் காலத்திலேயே வந்தது. அதிகம் இறைத்தால் உப்பு மேலேறும் என்பதுதான் எப்போதும் தடை.

இங்கே குளிக்க அனுமதியில்லை. சிச்சென் இட்சாவின் புனித நீர்க்குழியிலும் அப்படித்தான். ஏறத்தாழ 60 மீற்றர் விட்டமுள்ள அந்தக் குழி மழைத் தெய்வத்துக்குக் காணிக்கை போட்ட இடம். 1900களின் தொடக்கத்தில் எட்வர்ட் தொம்சன் என்ற அமெரிக்கர் அதைத் தூர்வாரி, கிடைத்த பொன்னையும் பச்சைக்கல்லையும் ஹாவார்ட் பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். அவற்றில் ஒரு பகுதிதான் பிற்பாடு மெக்சிக்கோவுக்குத் திரும்பியது. சுற்றுலாப் பயணிகள் நீந்துவது பக்கத்திலுள்ள வேறு நீர்க்குழிகளில். அங்கும் இறங்குமுன் உடம்பைக் கழுவி, பூசிய வெயில் களிம்பைப் போக்கிவிட்டுத்தான் விடுகிறார்கள். 'சிச்சென் இட்சா' என்ற பெயருக்கே 'இட்சா மக்களின் கிணற்று வாசல்' என்றுதான் பொருள். அந்த நகரத்தை அங்கே அமர்த்தியது கிணறு.

மச்சாளின் மெக்சிக்கோ வழிகாட்டி இதையெல்லாம் சொல்லியிருக்கிறார். யுகட்டானின் மக்கள் இன்றும் அதே நிலத்தடி நீரைத்தான் குடிக்கிறார்கள் என்றும் சொல்லியிருக்கிறார். எங்களோடு வந்த அண்ணையோ நிலாவரையில் இராமரோடு நிறுத்திக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு யாரும் இதைக் கற்றுக்கொடுக்கவில்லை. ஆறில்லாத நிலத்தில் எல்லாம் தண்ணீரின் கதைதான் என்று நான் சொன்னபோது, தன் வீட்டுக் கிணறு ஆடி மாதத்தில் உவர்ப்பதைப் பற்றி அவர் அரை மணித்தியாலம் பேசினார். அந்த நாள் முழுவதிலும் அவர் சொன்னவற்றில் அதுதான் சிறந்தது.

ஏன் இதைச் சொல்ல வேண்டும்

தீவகத்தின் பல ஊர்களில் கிணற்றுநீர் குடிக்க உதவாது. குடிநீர் பவுசரில் வருகிறது, அல்லது காசுக்கு வாங்கப்படுகிறது. நெடுந்தீவில் வரட்சிக் காலங்களில் தண்ணீரில்லாமல் குதிரைகள் இறந்த செய்திகள் வந்திருக்கின்றன. குடாநாட்டின் தோட்டப் பகுதிகளில் உரத்திலிருந்து இறங்கும் நைத்திரேற்று, பல கிணறுகளில் உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. 2024 ஆவணியில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் அதன் கொள்ளளவு. அது உதவும். ஆனால் கடல்நீரைச் சுத்திகரிக்க மின்சாரம் வேண்டும், மின்சாரத்துக்குப் பணம் வேண்டும். மழை இலவசமாக நிரப்பும் கல்லுக்கு இவை எதுவும் தேவையில்லை.

சுற்றுலா வளர வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். புதிய விடுதிகள் வருகின்றன. விடுதிக்குக் குழாய்க்கிணறு, நீச்சல் தடாகம், கழிவுக்குழி. அவை இறங்குவதும் அதே கல்லுக்குள்தான். கோட்டையைக் காட்டி, தண்ணீரைச் சொல்லாமல் விடும் சுற்றுலா, தான் எதைக் குடித்து வளர்கிறது என்று தெரியாத சுற்றுலா. ஹமன்ஹீலில் இருந்த போர்த்துக்கேயருக்குத் தொட்டி போன பிறகுதான் அது தெரிந்தது.

போகிறவர்களுக்கு

தை முதல் பங்குனி வரை நல்ல காலம். மாரி முடிந்து கிணறுகள் நிறைந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. காலை 7 மணிக்கு யாழ்ப்பாணத்தில் புறப்பட்டால், கரம்பொன், ஊர்காவற்றுறை, காரைநகர், கீரிமலை, கந்தரோடை, நிலாவரை ஆகியவற்றைப் பொழுது சாயுமுன் முடிக்கலாம்.

நெடுந்தீவை இதோடு சேர்க்க வேண்டாம். குறிகட்டுவானிலிருந்து படகில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். கோட்டைச் சிதைவு, புறாக்கூடு, பெருக்குமரம், வெடியரசன் கோட்டை, சாந்தில்லாமல் அடுக்கிய முருகைக்கல் வேலிகள் என்று அதற்கே தனியாக ஒரு நாள் வேண்டும். 1985 மே 15இல் குமுதினிப் படகில் வெட்டிக் கொல்லப்பட்டவர்களின் நினைவிடமும் அங்கே இருக்கிறது.

கீரிமலைக்கு மாற்றுடுப்பு, கோயில் வாசலுக்கு ஏற்ற உடை, குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள். தீவகத்தில் போத்தலை நிரப்பக் கேட்கும்போது, அந்த வீட்டுக்காரர் அதைப் பணம் கொடுத்து வாங்கியிருக்கலாம் என்பது நினைவிருக்கட்டும். முருகைக்கல் துண்டு ஒன்றையும் நினைவுப் பொருளாக எடுத்துவர வேண்டாம்.

வழிகாட்டி அண்ணையிடம் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு கேள்வி கேளுங்கள்: இங்கே இருந்தவர்கள் தண்ணீருக்கு என்ன செய்தார்கள்? பத்துப் பேர் கேட்டால், பதினோராவது ஆளுக்கு அவர் கேட்காமலே சொல்லத் தொடங்குவார்.